வடிகட்டி: எது தங்கும், எது இறங்கும்

சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் ‘வடிகட்டவும்’ என்ற ஒற்றைச் சொல்லில் பல வேலைகளை முடித்துவிடுகிறார்கள். கஷாயத்தை வடிகட்டவும், புளியை வடிகட்டவும், நூடுல்ஸை வடிகட்டவும், தேங்காய்ப்பாலை வடிகட்டவும். நூடுல்ஸில் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கஷாயத்தில் அந்தத் தண்ணீர்தான் மருந்து. பழகிய கைக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நேற்று அடுப்படிக்குள் வந்த ஒருவர், எலும்பு சூப்பைத் தொட்டியில் வடித்துவிட்டு எலும்போடு நின்றால் அவர் மீது தப்பில்லை. எதை வைத்துக்கொள்வது என்று அந்தச் சொல் அவருக்குச் சொல்லவில்லை.

தமிழ் அடுப்படியில் இதற்கு ஒரு வினைச்சொல் என்றைக்குமே போதவில்லை. வடி, அரி, சலி, இறு, பிழி என்று குறைந்தது ஐந்து உண்டு. ஒவ்வொன்றுக்கும் கைவேலை வேறு, கருவி வேறு, கருவியின் பெயரும் வேறு. இப்போது ‘வடிகட்டி’ என்ற பெயர் எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருக்கிறது. அதனால் கடையில் அந்தப் பெயரைச் சொல்லி ஒன்றை வாங்கி வந்து, அதிலேயே டீயும் நெய்யும் மாவும் போட்டு, மூன்றையும் கெடுத்துக்கொள்கிறோம்.

‘வடி’யில் தொடங்கலாம். கண்ணீர் வடியும், வெள்ளம் வடியும், பொரித்த அப்பளத்திலிருந்து எண்ணெய் வடியும். நீர்மம் தன் போக்கில் ஒழுகி இறங்குவதுதான் வடிதல். அப்படி இறங்கச் செய்வது வடித்தல். வேடிக்கை என்னவென்றால் ‘வடித்த சோறு’ என்கிறோம், ‘வடித்த கஞ்சி’ என்றும் சொல்கிறோம். தங்கியதும் வடித்ததுதான், இறங்கியதும் வடித்ததுதான். ‘வடிகட்டின முட்டாள்’, ‘வடிகட்டின கஞ்சன்’ என்று திட்டும்போது மட்டும் இறங்கியதன் பக்கம் நிற்கிறோம்: கலப்பே இல்லாத, சுத்தமான முட்டாள். பள்ளி அறிவியலில் ‘வடிகட்டல்’ ஒன்று, ‘காய்ச்சி வடித்தல்’ இன்னொன்று. முன்னதில் வடிதாள் வேண்டும், பின்னதில் ஆவி குளிர்ந்து சொட்டுகிறது, வலையே கிடையாது. ஆகவே வடி என்ற சொல்லுக்கு ஓட்டை முக்கியமில்லை, ஒழுக்குதான் முக்கியம்.

அந்த ‘கட்டு’ எங்கிருந்து வந்தது என்றால், துணியிலிருந்து என்று எடுத்துக்கொள்ளலாம். பானை வாயில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவதற்கு ‘வேடு கட்டுதல்’ என்று பெயர். சித்த மருந்துக் குறிப்புகளில் இன்றும் அந்தச் சொல் புழங்குகிறது. கம்பி வலை வீட்டுக்கு வருவதற்கு முன் வடித்தது முழுக்கக் கட்டிய துணியில்தான். துணி இல்லாத இடத்தில் பன்னாடை.

பன்னாடை என்றாலே இன்றைக்குச் சண்டைதான் நினைவுக்கு வரும். திட்டுகிறவரிடம் அது என்ன பொருள் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. தென்னை, பனை மட்டையின் அடியில் மரத்தைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் சல்லாத் துணிபோல ஒன்று இருக்குமே, அதுதான் பன்னாடை. நார்கள் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகப் படிந்து தானாக உண்டான வலை. கள்ளும் பதநீரும் இறக்கியவுடன் அதில் விழுந்திருக்கும் தேனீ, எறும்பு, பாளைத் துணுக்கு எல்லாவற்றையும் பிடிக்க இது போதும். சங்கப் பாடல்களில் ‘நாரரி தேறல்’ என்று வரும். நாரால் அரித்த கள் என்று பொருள். அங்கே வினை ‘வடி’ இல்லை, ‘அரி’.

நெய்யை வடிக்கவும் இதே பன்னாடைதான். அந்த வேலையால் அதற்கு ‘நெய்யரி’ என்றும் பெயர். 13ஆம் நூற்றாண்டை ஒட்டிய நன்னூலில் பவணந்தி முனிவர் மாணாக்கரைத் தரம் பிரிக்கும்போது அன்னத்தையும் பசுவையும் தலைமாணாக்கருக்கு ஒப்பிடுகிறார். மண்ணும் கிளியும் இடை. இல்லிக்குடம் (ஓட்டைக் குடம்), ஆடு, எருமை ஆகியவற்றோடு நெய்யரியையும் கடை வரிசையில் உட்கார வைத்துவிடுகிறார். நெய்யை விட்டுவிட்டு அடியில் படியும் கசண்டைப் பிடித்துக்கொள்வதுபோல, நல்லதை விட்டுக் குற்றத்தைப் பற்றுகிற மாணவன். வசவின் வேர் இந்த எண்ணம்தான்.

ஒரு கருவியாகப் பார்த்தால் இது கொஞ்சம் அநியாயம். கசண்டைப் பிடிக்கத்தானே நெய்யரியை வைத்தோம்? அது வேலையை ஒழுங்காகச் செய்ததற்காகத் திட்டு வாங்குகிறது. இதே கருவி சோற்றுப் பானையின் வாயில் இருந்தால் நல்லதைத் தாங்கிக்கொண்டு நீரை விட்டிருக்கும். அன்னப்பறவைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்திருக்கும்.

‘அரி’ என்ற வினையை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இது ஏறக்குறைய அரிசியோடு நின்றுவிட்டது. களைதல் வேறு, அரித்தல் வேறு. களைதல் என்பது அரிசியைக் கையால் அலசித் தவிட்டையும் தூசையும் கழுவி நீக்குவது. அரித்தல் என்பது கல் பிரிப்பது. அதற்கென்று மண்ணில் செய்த அரிக்கஞ்சட்டியின் உட்புறத்தில் வரிவரியாகப் பள்ளங்கள் இருக்கும். சட்டியில் அரிசியும் அது மூழ்கி மேலே நான்கு விரல் நிற்கும் அளவு தண்ணீரும் விட்டு, இலேசாக ஆட்டி ஆட்டி, மேலே எழும் அரிசியைத் தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குச் சாய்க்க வேண்டும். அரிசியைப்போலக் கல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். அது ஆட்டத்துக்கு எழும்பாமல் வரிப் பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். இதில் ஓட்டையே கிடையாது என்பதைக் கவனியுங்கள். மண் அரிப்பிலும் இதே அரிதான்: தண்ணீர் இலேசானதைக் கொண்டுபோகிறது, கனமானது நிற்கிறது. அவசரமாக ஆட்டினால் கல்லும் சேர்ந்து கிளம்பும். கடைசி இரண்டு பிடி அரிசியைச் சாய்க்காமல் தட்டில் கொட்டிக் கண்ணால் பொறுக்குவதுதான் பத்திரம்.

இலங்கைத் தமிழரிடம் அரி இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே மாவை அரிப்பார்கள், சலிப்பதில்லை. அரிக்கும் கருவி ‘அரிதட்டு’. தேத்தண்ணிக்கு ‘வடி’. இரண்டு வேலை, இரண்டு பெயர். மலையாளத்தில் ‘அரிப்ப’ என்றால் டீ வடிகட்டியும் உண்டு, சல்லடையும் உண்டு. அரிதட்டின் முக்கியமான வேலை ஒன்று, இடியப்பத்துக்கும் புட்டுக்கும் கோதுமை மாவை அவிக்கும்போது வரும். மாவைத் துணியில் தளர்வாகக் கட்டி நீராவியில் 20 நிமிடம்போல அவித்து எடுத்தால் அது கட்டியாகத்தான் வரும். சூட்டோடு உடைத்து உடனே அரித்துவிட வேண்டும். ஆறவிட்டால் கட்டிகள் இறுகிக் கல்லாகும். பிறகு அரித்தால் பாதி மாவு தட்டிலேயே தங்கிவிடும், இடித்தாலும் பழைய மாவாகாது. துணியை இறுக்கிக் கட்டினால் நடு மாவுக்கு ஆவி போகாது, அங்கே பச்சை வாசனை நிற்கும்.

தமிழ்நாட்டில் அதே வேலைக்குச் ‘சலி’. கருவி சல்லடை, சென்னைப் பக்கம் ஜல்லடை. சல்லடையின் ஓட்டைக்குக் ‘கண்’ என்று பெயர். கண் அடைத்துக்கொண்டது என்பார்கள். நீரே இல்லாமல் உலர்ந்ததை அளவு பார்த்துப் பிரிப்பதுதான் சலித்தல். மேலே தங்குவது ‘கப்பி’. கப்பியைக் கொட்ட வேண்டாம். மறுபடி அரைக்கலாம், இல்லாவிட்டால் கஞ்சிக்கோ உப்புமாவுக்கோ ஆகும்.

கண்ணின் அளவை எண்ணால் சொல்லும் வழக்கமும் இருக்கிறது. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண் என்பதே அந்த எண். 20 என்றால் ஒரு கண் சுமார் 0.85 மி.மீ., 40 என்றால் 0.42, 60 என்றால் 0.25, 100 என்றால் 0.15. வீட்டுச் சல்லடைகளில் எண் போட்டு விற்பதில்லை. ரவைச் சல்லடை, மாவுச் சல்லடை என்று கேட்டு வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கண் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இழை விலகி ஓரிடத்தில் கண் பெரிதாக இருந்தால் அந்த ஓர் இடமே மொத்தச் சலிப்பையும் வீணாக்கும்.

இடியப்ப மாவுக்கு நயமான கண் வேண்டும். அச்சின் துளையே 1 மி.மீ. சுற்றில்தான் இருக்கும், ஒரு கப்பி போய் உட்கார்ந்தால் அந்தத் துளையில் நூல் அறுந்துகொண்டே வரும். பிழிகிறவர் மாவு இறுகிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் சேர்ப்பார், இடியப்பம் குழைந்துபோகும். முறுக்கு மாவில் கப்பி இருந்தால் எண்ணெயில் வெடிக்கும். புட்டு மாவுக்கு நேர்மாறு: ரவைபோல நறுநறுப்பு வேண்டும். பெரிய கண் சல்லடையில் சலித்து, உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசறிய பிறகு மறுபடி ஒருமுறை அதே சல்லடையில் தேய்த்து இறக்கினால் கட்டி உடையும். நயமான சல்லடையில் போட்டால் ஈரமாவு கண்ணை அடைத்து, களிபோல ஒட்டிக்கொள்ளும்.

சலிக்கும்போது நடக்கும் பொதுத் தவறு, சல்லடை நிறைய மாவைக் கொட்டி உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடக் கூடாது. மாவு சல்லடைக்குள் புரள இடம் வேண்டும். பக்கவாட்டில் தட்டித் தட்டிச் சலித்தால் நயமானது மட்டும் இறங்கும். அழுத்தித் தேய்த்தால் தவிடும் கப்பியும் கண் வழியே திணிந்து இறங்குவதோடு வலையும் குழிந்து, ஓரத்தில் கிழியத் தொடங்கும்.

இப்போது சோறு வடித்தல். குக்கர் வந்த பிறகு இது மெல்ல மறந்துபோகிறது, ஆனால் சர்க்கரைக்காகவும் உதிரியான சோற்றுக்காகவும் திரும்பி வந்திருக்கிறது. கஞ்சியோடு மாவுச்சத்தில் ஒரு பகுதி வெளியே போகிறது என்பது சரிதான். அதனால் சர்க்கரைக்காரர் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை, சோறு சோறுதான்.

ஒரு டம்ளர் அரிசிக்கு ஐந்தாறு டம்ளர் தண்ணீர். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் அரிசி போட வேண்டும். பச்சரிசி 12 முதல் 15 நிமிடத்தில் பதத்துக்கு வரும். புழுங்கலரிசிக்கு ரகத்தைப் பொறுத்து 20 முதல் 35 நிமிடம். நேரத்தை நம்பாமல் ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். வெளியே வெந்து, நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு தெரியும் நேரம்தான் வடிக்கும் பதம். அந்தப் பொட்டு பானையின் சூட்டிலேயே வெந்துவிடும். பொட்டும் கரைந்த பிறகு வடித்தால் சோறு குழையும், கஞ்சி கெட்டியாகிக் கண்களில் ஒட்டும், பாதி கஞ்சி உள்ளேயே நிற்கும். பதம் தாண்டப்போகிறது என்று தோன்றினால் அரை டம்ளர் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிவிட்டு வடிக்கலாம். வேகும் வேகம் நிற்கும், கஞ்சி இளகும், பருக்கை ஒட்டாது.

இதற்கான கருவி வடிதட்டு. சில ஊர்களில் சிப்பல், சிப்பித்தட்டு என்பார்கள். பானை வாயைவிட விளிம்பு சற்றே பெரிதாக, கண் அரிசியைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். பானையைக் கவிழ்க்கும் முன் துணியால் தட்டையும் பானைக் கழுத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அந்தத் துணி ஈரமாக இருக்கக் கூடாது; ஈரத்துணி வழியாகச் சூடு உடனே கைக்கு ஏறும், ஏறியதும் பிடி தளரும். கஞ்சி பட்டால் வெறும் வெந்நீரைப்போல ஓடிவிடாது, தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். பானையைத் தன் பக்கம் சாய்க்காமல் எதிர்ப்பக்கமாகச் சாய்ப்பதுதான் முறை. கவிழ்த்தபடி 10 நிமிடம் விட்டு, நிமிர்த்தி, தணலிலோ மிகச் சிறு தீயிலோ இரண்டு நிமிடம் மூடி வைத்தால் மிச்ச ஈரம் அடங்கும். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் மதியத்துக்குள் சோறு அடியில் நசநசவென்று ஆகும்.

இதையே நூடுல்ஸ் வடிகட்டும் பெரிய கூடையில் கொட்டிச் செய்தால் என்ன? செய்யலாம். ஆனால் மேலிருந்து விழும் வேகத்தில் பருக்கை முனை உடையும், சூடும் ஒரேயடியாகப் போய்விடும், நடுப்பொட்டு வேகாமல் நின்றுவிடும். கூடையில் வடிப்பதானால் பொட்டு முழுக்க மறைந்த கணத்தில் வடிக்க வேண்டும். வடித்த கஞ்சியைப் பருத்திப் புடவைக்குப் போடுகிறவர்கள் தண்ணீர் கலந்து துணியில் இன்னொரு தரம் வடிகட்டிக்கொள்ளுங்கள். ஒரு பருக்கை மசிந்து கிடந்தாலும் இஸ்திரிப்பெட்டி பட்ட இடத்தில் வெள்ளைத் திட்டாகத் தெரியும்.

இறுத்தல் என்ற சொல் அடுப்படியை விட்டு ஏறக்குறையக் கிளம்பிவிட்டது, வேலை மட்டும் தங்கியிருக்கிறது. அடியில் வண்டல் படியவிட்டு, மேலே நிற்கும் தெளிவைக் கலக்காமல் சாய்த்து எடுப்பதே இறுத்தல். ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் எடுப்பது இப்படித்தான். புளிக்கும் இதுதான் சரியான வழி. எலுமிச்சை அளவு புளியை, அதாவது 25, 30 கிராம், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்துக் கரைத்து, பெரிய கண் வடிகட்டியில் திப்பியையும் நாரையும் கொட்டையையும் பிடித்துவிடலாம். மணலைப் பிடிக்காது, மணல் எந்த டீ வடிகட்டிக்கும் தப்பி ஓடும். கரைசலை ஐந்து நிமிடம் அசையாமல் வைத்து இறுத்தால் மணல் அடியில் நின்றுவிடும். நயமான வலையில் ஊற்றினால் புளிச் சதை அடைத்துக்கொண்டு கரண்டியால் தேய்க்க வேண்டிவரும், குழம்பில் சேர வேண்டிய கெட்டியும் குறையும்.

வெல்லத்துக்கு நேரம்தான் எல்லாம். ஒரு கப் பொடித்த வெல்லத்துக்குக் கால் கப் தண்ணீர் விட்டு, கரைந்தவுடன், கொதித்துப் பாகாகும் முன், சூட்டோடு வடிகட்ட வேண்டும். கம்பிப்பதம் வந்த பிறகு வடிகட்டப் போனால் வலையிலேயே இறுகி நிற்கும். பாத்திரத்துக்கும் வலைக்கும் சேர்த்து வெந்நீர் காய்ச்ச வேண்டியிருக்கும்.

தேங்காய்ப்பாலுக்கு உரிய வினை ‘பிழி’. கம்பி வலையில் பால் இறங்கும். ஆனால் தேங்காய்ப்பூவில் பாதிப் பால் தங்கிவிடும். மெல்லிய பருத்தித் துணிதான் சரி. துணியை முதலில் நனைத்து நன்றாகப் பிழிந்துவிடுங்கள். உலர்ந்த துணி முதல் பாலைத் தானே குடித்துவிடும். ஒரு தேங்காய்த் துருவலுக்கு முதல் பாலுக்கு முக்கால் கப் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டாம் பாலுக்கு ஒரு கப். கொதிநீர் விட்டால் எண்ணெய் பிரிந்து துணியில் மினுக்கும், பால் நீர்த்துத் தெரியும். வண்ணச் சேலைத் துண்டை இதற்கு எடுக்காதீர்கள். சாயத்தைவிட, துவைத்த சோப்பின் மணம் பாலில் ஏறுவது பெரிய தொந்தரவு.

மருந்துக் குடிநீர்ப் பொடிகளை ஒன்றிரண்டாக இடித்துத் தருவதற்கும் வடிகட்டிக்கும் தொடர்பு உண்டு. 5 கிராம் பொடியை 240 மி.லி. தண்ணீரில் போட்டு 60 மி.லி. ஆகக் காய்ச்சி வடிகட்டச் சொல்வார்கள். பொடி நயமாக இருந்தால் கலங்கலும் சேர்ந்தே இறங்கும், தொண்டையில் கரகரக்கும். சாறு இறங்கிச் சக்கை தங்க வேண்டும் என்பதால்தான் கரடுமுரடு. அப்படியே விழுங்கும் சூரணத்துக்கு இதன் மறுதலை: துணியில் சலிப்பார்கள், அதற்கு ‘வஸ்திரகாயம்’ என்று பெயர்.

நெய். வெண்ணெய் உருகிச் சடசடப்பு அடங்கி, கசண்டு பொன்னிறத்துக்கு வந்ததும் இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு வடிகட்டுங்கள். வடிகட்டியிலோ ஜாடியிலோ ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் தெறிக்கும், வைத்திருக்க வைத்திருக்க நெய் நாறும். எவர்சில்வர் வலையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் சட்டம் போட்ட டீ வடிகட்டியில் சூடான நெய்யையோ பொரித்த எண்ணெயையோ ஊற்றுவது பெரும் தவறு. பொரிக்கும் எண்ணெய் 170, 180 டிகிரியில் இருக்கும். வடிகட்டிச் சட்டத்துக்குப் பயன்படும் பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரி வாக்கிலேயே உருகும். சட்டம் நெகிழ்ந்து வலை கழன்று விழுவதைக் கண்ணால் பார்க்கலாம். உருகிக் கலந்தது கண்ணுக்குத் தெரியாது. தங்கிய கசண்டை எறிவது அவரவர் விருப்பம். சூடான சோற்றில் அதைப் பிசைந்து உப்புப் போட்டுத் தின்றவர்கள் நெய்யரியைக் கடைமாணாக்கன் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கண்ணுள்ள எல்லாமே வடிகட்டி ஆகிவிடாது. அரிகரண்டி, ஜல்லிக்கரண்டி, கண்ணாப்பை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் அந்தத் தட்டைக் கரண்டி வடையிலிருந்து எண்ணெயை வடிக்கிறது. அதன் தம்பி பூந்திக்கரண்டி மாவுக்கு உருவம் கொடுக்கிறது. பூந்தி வால் முளைத்து வந்தால் மாவு கெட்டி, தட்டையாக விழுந்தால் மாவு நீர்த்தது. இரண்டும் சரியாக இருந்தும் மூன்றாவது ஈட்டில் உருண்டை கெடுகிறதென்றால் கரண்டியின் அடிப்புறத்தைத் துடைக்கவில்லை. ஒவ்வோர் ஈட்டுக்கும் துடைத்தாக வேண்டும்.

டீக்கும் காபிக்கும் வருவோம். டீயை வடிகட்டுகிறோம். காபிக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை, ‘டிகாக்‌ஷன் இறங்கிடுச்சா?’ என்றுதான் கேட்கிறோம். தூளைத் தண்ணீர் தானாகக் கடந்து சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும், கை அதில் தலையிடக் கூடாது என்பதை அந்த ஒரு வினை சொல்லிவிடுகிறது. கருவிக்கும் ‘பில்டர்’ என்று தனிப் பெயர் நின்றுவிட்டது. பில்டரைக் காபி வடிகட்டி என்று மொழிபெயர்த்தால் கடைக்காரர் டீ வடிகட்டியைத்தான் எடுத்துத் தருவார்.

நான்கு பேருக்குக் குவித்து மூன்று மேசைக்கரண்டி தூள், 150 மி.லி. தண்ணீர். கொதித்து அடங்கிய தண்ணீரை, தூளை அமுக்கி நிற்கும் காம்பு வைத்த தட்டான குடைக்கு மேலே வட்டமாக ஊற்ற வேண்டும். 15, 20 நிமிடத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். ஐந்து நிமிடத்தில் முழுக்க இறங்கினால் தூள் கரகரப்பு, அல்லது குடையால் அமுக்கவில்லை, டிகாக்‌ஷன் வெளிறியிருக்கும். ஒரு மணி நேரமாகியும் நின்றால் மூன்று காரணம். தூள் மாவுபோல அரைந்திருக்கலாம். சிக்கரி கூடியிருக்கலாம், அது நீரை இழுத்து ஊதித் தூளை இறுக்கும். இல்லாவிட்டால் கண்ணே அடைத்திருக்கும். மூடியைத் திறந்து மேல்பாத்திரத்தை இலேசாகத் தூக்கி வைத்தால் சில சமயம் கீழே அடைபட்ட காற்று விலகி மறுபடி சொட்டும். அதற்கும் மசியவில்லையென்றால் கரண்டியால் கிளறாதீர்கள். கிளறினால் இறங்கும்தான், தூளும் சேர்ந்து.

டீ வடிகட்டியில் நேர்மாறான சிக்கல். டஸ்ட் டீ கம்பி வலையில் தங்காது, அதனால்தான் டீக்கடையில் துணிப்பை. பாலோடு கொதித்த டீயை உடனே வடிகட்ட வேண்டும். ஆறினால் ஏடு படிந்து வலையை மூடும், மூடியதும் கரண்டியால் அமுக்குவோம், அமுக்கினால் சக்கையின் கசப்பெல்லாம் கோப்பைக்குள். துணிப்பை புதிதாக வாங்கினால் பழைய டீச்சக்கையோடு தண்ணீரில் கொதிக்கவைத்துக் கஞ்சி வாடையைப் போக்கிக்கொள்ளுங்கள். சோப்பு படவே கூடாது. வெந்நீரில் அலசி வெயிலில் முழுக்கக் காயவைக்க வேண்டும். அரைகுறை ஈரத்தில் சுருட்டி வைத்த பை மறுநாள் புளித்த வாடையைப் பாலுக்குக் கொடுக்கும்.

கம்பி வடிகட்டி வாங்கும்போது வலையைக் கட்டைவிரலால் நடுவில் அமுக்கிப் பாருங்கள். குழிந்து அப்படியே நின்றால் வேண்டாம். நயமான வலைக்கு அடியில் தடித்த கம்பியில் இன்னொரு வலை தாங்கினால் நல்லது. எதிர்ப்பக்கம் கோப்பை விளிம்பில் உட்கார ஒரு காது இருக்க வேண்டும். அழுக்கு சேரும் இடம் வலையும் விளிம்பும் சேரும் மடிப்பு. அங்கே பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கித் தேய்த்தால் மாட்டியிருப்பது வந்த வழியே திரும்பும். கறுத்த வலைக்கு ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் சோடா உப்பு, அரை மணி ஊறல் போதும். அடுப்பில் நேரே காட்டி எரிப்பதும் பலர் செய்வது. கறை போகும், நாலைந்து தரம் எரித்தால் மெல்லிய கம்பி நீலம் பாய்ந்து முறியும், முறிந்த கம்பித் துணுக்கு டீயில் விழும். பில்டரின் மேல்பாத்திரம் வலையில்லாத தகடு என்பதால் அதற்கு அந்தச் சூடு பரவாயில்லை: சிறு தீயில் ஒரு நிமிடம் காட்டி, ஆறியதும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அடைத்த கண்ணை மட்டும் அடிப்புறத்திலிருந்து குண்டூசியால் குத்தித் தட்டுங்கள்.